ஓடாத வண்டியும் ஓதாத பாடமும்

காலப்போக்கில் பழையவை நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்று பவணந்தி முனிவர் நன்னூலில் விதி வகுத்தார். சொல்வழக்கிற்கும் இலக்கண மரபிற்கும் அவர் அளித்த அவ்விடுதலையை நாம் இன்று வீட்டுப் பொருள்கள் அனைத்திற்கும் விரித்துக்கொண்டோம். மின்விசிறி முனகினால் புதிய மின்விசிறி. கைக்கடிகாரம் நின்றால் புதிய கைக்கடிகாரம். பழுதுபட்டது என்றால் செப்பனிடத்தக்கது என்று பொருள் கொண்ட காலம் போய், எறியத்தக்கது என்று பொருள் கொள்ளும் காலம் வந்துள்ளது. நன்னூலார் இதற்கு இசைந்திருப்பாரா என்பது ஐயத்திற்குரியது.

இலக்கியக் கட்டுரைகள் நிறைந்த இம்மலரில் ஓடாத பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுவது தமிழ்த்துறைக்குப் பொருந்துமா எனச் சான்றோர் சிலர் வினவக்கூடும். அண்மைக் காலத்தில் நம் துறை மாணவர் இருவர் குறைந்த விலைக்கு ஓடாத வண்டி வாங்கினர். ஒருவர் தலைகுனிந்தார், மற்றவர் தலைநிமிர்ந்தார். இருவரையும் அருகிலிருந்து பார்த்த பின்பே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். பழைய வண்டி ஒன்றை நேரிய வழியில் வாங்கி, தம் கை அழுக்காகச் செப்பனிட்டு, சாலையில் ஓடச் செய்வது இளைஞர் ஒருவர் பெறத்தக்க நல்ல கல்விகளுள் ஒன்றாகும். அக்கல்வியைப் பட்டறையின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கல்லூரி ஒதுங்கி நிற்பது பிழை என்பதே நம் கருத்து.

இரு மாணவர், இரு வண்டிகள்

முதலாம் மாணவர் தியாகராய நகரின் பின்தெரு ஒன்றில், முன்பின் அறியாத ஒருவரிடம் 6,000 ரூபாய்க்கு வண்டி வாங்கினார். புதிதாக வண்ணம் பூசப்பட்டுப் பளபளவென்றிருந்த வண்டி அது. பொறி மட்டும் ஓடவில்லை. “சின்ன வேலைதான் தம்பி, புக்கு அடுத்த வாரம் வந்துடும்” என்றாராம் விற்றவர். வேலை உண்மையிலேயே சிறியதுதான். ஒரு வாரத்தில் வண்டி ஓடிற்று. ஆனால் புத்தகம் வரவில்லை. விற்றவரும் பின்னர்க் கண்ணில் படவில்லை. ஒருநாள் இரவு வாகனச் சோதனையில் வண்டியை நிறுத்திப் பார்த்தபோது, பொறியின் எண் பொறிக்கப்பட்ட இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

மறுநாள் பகல் முழுவதும் அம்மாணவர் காவல் நிலையத்து விசிப்பலகையில் அமர்ந்திருந்தார். சிறுகடை நடத்தும் அவருடைய தந்தையார் கடையைப் பூட்டிவிட்டு வந்து அருகில் நின்றார். காவலர்மீது குறை சொல்ல ஏதுமில்லை. அவர்கள் கேட்டவை நியாயமான வினாக்களே. மாணவர் ஏமாந்தவர் என்பது தெளிந்தபின் அவரை அனுப்பிவிட்டனர். வண்டி அங்கேயே நின்றுவிட்டது. “நான் கேட்காம விட்டுட்டேன் சார்” என்று அவர் நம்மிடம் சொன்னபோது, கேட்க வேண்டியவை எவை என்று அவருக்கு நாம் ஒருநாளும் சொல்லித் தரவில்லையே என்ற எண்ணம் நம்மை உறுத்திற்று.

இரண்டாம் மாணவர் கோட்டூர்புரத்தில் முதியவர் ஒருவரின் வீட்டு மாடிப்படியின் கீழ் நின்றிருந்த வண்டியைக் கேள்விப்பட்டுச் சென்றார். அது 2008ஆம் ஆண்டு பதிவான ஸ்பிளெண்டர். முதியவர் பணி ஓய்வு பெற்றவர், மகன் வெளிநாட்டில். விலை பேசுவதற்கு முன்பே அவர் சொன்னாராம்: “தம்பி, முதல்லயே சொல்லிடறேன். 2015 வெள்ளத்துல இது முழுக்க முழுகிடுச்சு. அதுக்கப்புறம் யாரும் தொடல. டேங்குல துரு இருக்கு. வயரை எலி கடிச்சிருக்கு. இதெல்லாம் தெரிஞ்சு வேணும்னா எடுத்துக்கோ.” விலை 8,000 ரூபாய்.

2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில் அடையாறு கரைகடந்து கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைப் பகுதிகளில் புகுந்ததை நாம் மறக்கவியலாது. 2021 நவம்பரில் தியாகராய நகரும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளும் நீரில் நின்றன. ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் நீரில் மூழ்கிய வண்டிகள் துடைக்கப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, உண்மை மறைக்கப்பட்டு விற்பனைக்கு வருதல் உண்டு.

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். தியாகராய நகரில் விற்றவர் ஈரத்தை அடியில் மறைத்தார். கோட்டூர்புரத்து முதியவர் வேறு சமயத்தவர். அந்நிகழ்ச்சியைக் கேட்டிருப்பாரோ இல்லையோ, ஈரத்தை மேலே எடுத்து வைத்தார். பழைய பொருளை வாங்குவோரும் விற்போரும் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

தாள்களே முதல் உறுப்பு

வண்டிக்கு உயிர் பொறியில் இருப்பதாக இளைஞர்கள் எண்ணுகின்றனர். சட்டத்தின் கண்ணில் அதன் உயிர் பதிவுச் சான்றில் உள்ளது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆய்வாளர் பார்த்துத் தகுதியுடையது எனக் கண்டால், ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த இப்புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 1,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்த வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. காலந்தாழ்த்தினால் மாதந்தோறும் ஏறிச் செல்லும் தாமதக் கட்டணமும், பழைய வண்டிக்குரிய பசுமை வரியும் உண்டு.

ஆகவே பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை சில உள. சட்டகத்திலும் பொறியிலும் பொறித்த எண்கள் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். உரிமையாளர் யார், கடன் தந்த நிறுவனத்தின் பெயர் இன்னும் நீக்கப்படாமல் உள்ளதா, அபராதம் நிலுவையில் உள்ளதா என்பவற்றை அரசின் பரிவாகன் தளத்திலேயே அறியலாம். பெயர் மாற்றத்திற்குரிய 29, 30 எண் படிவங்களில் உரிமையாளரே கையொப்பமிடல் வேண்டும். உரிமையாளர் மறைந்திருப்பின் வாரிசுச் சான்று வேண்டும். காப்பீடு இன்றி ஒரு தெருமுனை வரையிலும் ஓட்டுதல் ஆகாது. “புக்கு அடுத்த வாரம்” என்ற சொல் காதில் விழுந்தவுடன் வண்டியைவிட்டு அகல்வதே அறிவுடைமை.

இரண்டாம் மாணவரின் வண்டிக்கு 2023இலேயே பதிவு முடிந்திருந்தது. 2025இல் புதுப்பிக்கச் சென்றபோது தாமதக் கட்டணமே வண்டியின் விலையை நெருங்கிற்று. புதுப்பித்தல், வரி, பெயர் மாற்றம், காப்பீடு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 11,000 ரூபாய். உதிரி உறுப்புகளுக்கு 9,500. கடைசல் வேலைக்கும் கூலிக்கும் 4,500. வண்டியின் விலையோடு கூட்டினால் 33,000 ரூபாய். புதிய வண்டியின் விலையில் இது பாதியும் இல்லை என்பது உண்மையே. எனினும் 8,000 ரூபாய்க்கு வண்டி கிடைத்தது என்று சொல்வது பொய்க்கணக்கு. மலிவு என்ற சொல்லுக்கு மயங்கும் மாணவர்கள் இக்கணக்கை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நலம்.

நிற்கக் கற்றபின் ஓடலாம்

வண்டியை இராயப்பேட்டைச் சந்து ஒன்றிலுள்ள பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு சென்றார் மாணவர். பட்டறைக்காரரை அப்பகுதியில் எல்லாரும் ‘பாய்’ என்றே அழைப்பர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். முப்பதாண்டுக் காலமாக வண்டிகளின் நாடி பார்ப்பவர். மாணவர் ஆவலோடு கிக்கரில் காலை வைத்தபோது அவர் தடுத்தாராம்: “உதைக்காதே தம்பி. உள்ளே ரிங்கு ஒட்டிக்கிட்டிருக்கும். உதைச்சா போர்ல கீறல் விழுந்துடும்.”

பிளக்கைக் கழற்றி, அவ்வழியே சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊற வைத்தனர். பின்னர் வண்டியை உயர்ந்த கியரில் இட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்தனர். அடியில் திறந்துவிட்ட எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் வழிந்தது; நீர் புகுந்ததன் அடையாளம் அது. உருளையினுள் துருவின் தழும்பு இருந்தமையால் கடைசல் பட்டறையில் சிறிதளவு கடைந்து, கால் மில்லிமீட்டர் கூடுதல் அளவுள்ள பிஸ்டனைப் பொருத்த வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் பாய் கைவைத்தது பிரேக்கில். பொறி ஓடுமா என்பதே தெரியாத நிலையில் பிரேக் எதற்கு என்று மாணவர் கேட்டிருக்கிறார். “ஓடுற வண்டியை நிறுத்த முடியலைன்னா அதை எதுக்குத் தம்பி ஓட்டணும்?” என்பது விடை. தேய்ந்து வழவழத்த பிரேக் கட்டைகள், துருவேறி இறுகிய கேபிள்கள், சக்கரத்து பேரிங்குகள், செயின் எல்லாம் மாற்றப்பட்டன. டயரில் கோடு நன்றாயிருந்தது; ஆனால் அதன் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைப் பாய் காட்டினார். முதல் இரண்டும் தயாரித்த வாரம், பின்னிரண்டும் ஆண்டு. பத்தாண்டுக்கு மேல் நின்ற ரப்பர் கல்லாகிவிடும். மழைச் சாலையில் வழுக்கும். இரண்டு டயர்களும் போயின.

பெட்ரோல் தொட்டியினுள் பழைய எரிபொருள் பிசினாக உறைந்திருந்தது. கழுவி, துருவை உதிர்த்து, மீண்டும் கழுவினர். கார்பரேட்டரின் பித்தளை ஜெட்டில் ஊசி முனையளவு துளை அடைபட்டிருந்தது. கம்பியால் குத்தப் போன மாணவரின் கையைப் பாய் பிடித்துக்கொண்டார். துளை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு மாறிவிடும். மருந்து தெளித்துக் காற்றடித்தே அடைப்பை நீக்கவேண்டும். 2025 அளவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அதனை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கக்கூடும். ஆதலின் குழாய்களும் மாற்றப்பட்டன.

ஏழாம் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதில் வண்டி உயிர்த்தது. முதல் உதையில் இருமிற்று. நான்காம் உதையில் நின்று நிதானமாக ஓடிற்று. தேர்வில் முதல் வகுப்புப் பெற்றபோதும் அம்மாணவரின் முகத்தில் நாம் காணாத மகிழ்ச்சியை அன்று கண்டோம்.

உதிரிகளின் ஊர்

இம்மீட்பு கைகூடியதற்குச் சென்னை மாநகரமும் ஒரு காரணம். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய உறுப்புகள் கிடைக்கும். எழும்பூரை அடுத்துக் கூவத்தின் கரையில் அமைந்த புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்தெடுத்த உறுப்புகள் கிடைக்கும். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ பட்டறை வைத்திருப்பவர் எவரும் இவ்விரு இடங்களுக்கும் வழி கேட்க வேண்டியதில்லை. புதுப்பேட்டையில் வாங்குங்கால் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இவ்வுறுப்பு எந்த வண்டியிலிருந்து வந்தது? விடை தெளிவாக வாராத இடத்தில் எண் பொறித்த உறுப்பு எதனையும் வாங்கலாகாது. நேர்மையான வணிகர் அங்கு பலர் உளர். அவர்கள் இவ்வினாவை விரும்பியே வரவேற்பர்.

உறுப்பும் அறிந்த கையும் உள்ள ஊரில் வண்டி சாவதில்லை என்பதற்கு இந்நகரமே பெருஞ்சான்று. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்து சென்னையில் பூட்டப்பட்டன. 1962க்குள் எல்லா உறுப்புகளும் இங்கேயே ஆயின. 1970 அளவில் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மறைந்தது. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. வரைபடம் வந்த நாட்டில் மறைந்த வண்டியைக் கற்றுக்கொண்ட ஊரின் கைகள் காப்பாற்றின.

கையும் எழுதுகோலும்

கோவை தந்த ஜி.டி.நாயுடுவின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. 1893இல் கலங்கலில் பிறந்த அவர் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவர் மனத்தைக் கவர்ந்தது. உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அவ்வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. பிரித்தார்; பார்த்தார்; மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பொறியியல் கல்லூரி தோன்ற முன்னின்றவரும் அவரே. ஒரு பழைய வண்டியைப் பிரித்துப் பார்த்த கை ஒரு கல்லூரிக்குக் கால்கோள் இட்டது.

இஸ்லாமிய நாகரிகத்திலும் கைத்திறனும் கல்வியும் பிரிந்து நின்றதில்லை. அல்ஜஸரீ என்னும் பேரறிஞர் 1206இல் முடித்த நூலில் தாம் செய்த பொறிகளை அளவுகளோடும் படங்களோடும் விளக்கினார். அவற்றுள் ஒன்றான நீரிறைக்கும் பொறியில், சுழலும் அசைவை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றும் தண்டமைப்பு உள்ளது. மோட்டார் சைக்கிளின் கிராங்கு அதே தத்துவத்தைத் திருப்பிப் பயன்படுத்துகிறது. மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக்குகிறது. செய்தவரே எழுதினார் என்பதே அந்நூலின் சிறப்பு. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். வீண்விரயத்தைக் கடிந்த மார்க்கத்தில், செப்பனிடும் கைக்கு உரிய சிறப்பை நாம் ஏன் மறந்தோம்?

நோயின் பெயர் தமிழ்

தமிழ்த்துறைக்கு இதில் என்ன பங்கு என்ற வினாவிற்கு இனி விடை கூறுவோம். பட்டறையில் ஒரு மாலை அமர்ந்து கேட்டுப் பாருங்கள். உறுப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம்: பிஸ்டன், ரிங்கு, செயின், கிளட்சு. ஆனால் அவ்வுறுப்புகளின் நோய்களுக்குப் பெயர்கள் தமிழ். பேரிங்கில் ‘ஆட்டம்’ இருக்கிறது; வண்டியில் ‘இழுவை’ இல்லை; பொறி எண்ணெய் ‘கக்குகிறது’; ஜெட்டில் ‘அடைப்பு’; பிரேக் ‘பிடிப்பு’ போதவில்லை. உறுப்புகள் கடல்கடந்து வந்தன. அவற்றோடு பழகிய அனுபவம் இங்கே விளைந்தது. அனுபவம் விளைந்த இடத்தில் தாய்மொழி தானே சொல் தருகிறது.

‘உந்துருளி’ என்னும் அழகிய சொல்லை நாம் படைத்துள்ளோம். அச்சொல்லைப் படைத்த நாம், பட்டறையில் உயிரோடு வழங்கும் இச்சொற்களைத் தொகுத்தோமில்லை. நோயையும் அதன் மூலத்தையும் தணிக்கும் வழியையும் ஆய்ந்து செயற்பட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறியைப் பாய் படித்ததில்லை, நாள்தோறும் கடைப்பிடிக்கிறார். வகுப்பறையில் அக்குறளை ஆண்டுதோறும் நடத்தும் நமக்கு, அதனைச் செய்து காட்டும் மனிதர் நடந்து செல்லும் தொலைவில் இருப்பது தெரியவில்லை.

மறுப்பும் விடையும்

பழைய வண்டிகள் புகை கக்குவன, விபத்துக்கு வழிகோலுவன, அவற்றை ஒழிப்பதே நகருக்கு நன்மை என்போரின் வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் வண்டிகள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் கடுமையான புகைவரம்புக்கு உட்பட்டவை. பழைய வண்டி அதற்கு நிகராகாது. எல்லா வண்டிகளையும் மீட்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. தாள்கள் இல்லாத வண்டி, சட்டகம் வளைந்தோ விரிசல் கண்டோ போன வண்டி, புகைச் சோதனையில் தேறாத வண்டி ஆகியவற்றை 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் முறைப்படி ஒப்படைத்துச் சான்று பெறுவதே தக்கது. ஆனால் தகுதியோடு எழக்கூடிய வண்டியை எறிந்துவிட்டுப் புதியதைச் செய்வதற்கும் இரும்பும் ரப்பரும் மின்சாரமும் செலவாகின்றன என்பதையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். தந்தையின் கடனில் வாங்கிய புதிய வண்டியின் தவணை, படிப்பு முடிந்தபின்னும் தொடர்வதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நாம் செய்யத்தக்கவை

அம்மாணவர் தம் வண்டியில் கல்லூரிக்கு வந்த முதல் நாளில் பாயையும் உடன் அழைத்து வந்தார். துறையின் வாயிலில் பாய் நின்றுவிட்டார். கைகளைப் பலமுறை கழுவியிருந்தும் விரலிடுக்கில் கருமை இருந்தது. “நான் எட்டாவதுதான் சார். உள்ளே வரலாமா?” என்றார். முப்பதாண்டுகளாக இக்கல்லூரியின் ஆசிரியர், மாணவர் வண்டிகளைச் செப்பனிட்டு வரும் ஒருவர், அதன் வாயிலில் நின்று கேட்ட அவ்வினா நம்மைச் சுட்டது. அவரை அமரச் செய்து தேநீர் அளித்தோம். அது போதாது என்பதை அப்போதே உணர்ந்தோம்.

ஆகவே நிருவாகத்தாருக்கும் பெரியோர்க்கும் பணிவோடு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் விருப்பமுள்ள மாணவர்க்குப் பட்டறைப் பயிற்சி. கற்பிப்பவர் பட்டறைக்காரராகவே இருக்கட்டும். சிறப்பு விரிவுரையாளர்க்கு வழங்கும் மதிப்பூதியத்தை அவருக்கும் வழங்குவோம். 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிகளில் திறன்பயிற்சிக்கு இடம் தந்துள்ளது. அவ்வழியில் இதுவும் அமையலாம். முதல் வகுப்பு பதிவுச் சான்றைப் படிக்கும் வகுப்பாக இருக்கட்டும். அதை முன்பே நடத்தியிருந்தால் நம் மாணவர் ஒருவர் காவல் நிலையத்தில் ஒரு பகலைக் கழித்திருக்க மாட்டார். அவர் தந்தையார் கடையைப் பூட்டியிருக்க மாட்டார்.

இரண்டாவது, தமிழ்த்துறை மாணவர்கள் இராயப்பேட்டை, புதுப்பேட்டை, மயிலாப்பூர்ப் பட்டறைகளுக்குச் சென்று சொற்களைத் தொகுத்து, பட்டறைத் தமிழ் அகராதி ஒன்றை ஆக்குதல். இளநிலை ஆய்வாளர்க்கு இதைவிட நல்ல களப்பணி கிடைப்பது அரிது. மின்கலத்தால் ஓடும் வண்டிகள் பெருகிவருகின்றன; அவற்றில் கார்பரேட்டர் இல்லை, கிக்கரும் இல்லை. இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால் இச்சொற்களைக் கேட்டறிய ஆள் இராது.

மூன்றாவது, ஜமாஅத்தாரும் கல்வி அறக்கட்டளையினரும் பட்டறைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளின் பக்கம் கண்திருப்புதல். படிப்பை விட்டவர் என்று நாம் ஒதுக்கிய அப்பிள்ளைகளின் கையில் திறன் உண்டு, சான்று இல்லை. முன்னரே பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் ஏற்பாடு 2015இல் தொடங்கிய மைய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றது. விண்ணப்பம் எழுதவும், மின்வண்டியின் கையேட்டைப் படித்துப் பொருள் சொல்லவும், அவர்களுக்குத் தேவை எழுத்தறிந்த துணை. அத்துணையாக நம் மாணவர் செல்லட்டும். வண்டியைப் பாய் கற்றுத் தரட்டும்; படிவத்தை மாணவர் கற்றுத் தரட்டும். இருவரும் ஒருவர்க்கொருவர் ஆசிரியர் ஆவர்.

மாணவ நண்பர்களே, மாடிப்படியின் கீழ் தூசு படிந்து நிற்கும் வண்டி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் அதனை இகழாதீர்கள்; அவசரப்பட்டு வாங்கவும் செய்யாதீர்கள். தாளைக் கேளுங்கள், உரிமையாளரிடம் உண்மையைக் கேளுங்கள், அறிந்தவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். தகுதியுடையது என்று கண்டால் கையை அழுக்காக்க அஞ்சாதீர்கள். வாழ்வில் நின்றுபோகும் பொருள்கள் பல உண்டு. எதை மீட்கலாம், எதை விட்டுவிடலாம் என்று தேரும் அறிவும், மீட்கத்தக்கதைப் பொறுமையோடு மீட்கும் கையும் வாய்த்தவர்க்குப் பட்டம் ஓர் அணிகலனாகும்.

கோட்டூர்புரத்து முதியவரின் வண்டி இன்று நம் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதனை ஓட்டுபவரின் விரலிடுக்கிலும் இப்போது சிறிது கருமை உண்டு. கருமை படிந்த கைகள் இத்துறையின் வாயிலில் தயங்கி நிற்காத நாள் விரைவில் வர இறைவன் அருள்புரிவானாக!